அரிசியின் போர்வை

அந்தக் காலத்தில் முசுறு எறும்புக்கும் மண்ணுக்குள்தான் வீடு.

சொன்னால் நம்பமாட்டீர்கள். மாமரத்தில் ஏறி, தெரியாமல் ஒரு இலைக்கூட்டில் கையை வைத்துவிட்டு, சட்டைக்குள் ஏழெட்டுச் சிவப்பு எறும்புகளோடு இறங்கினோமா விழுந்தோமா என்று தெரியாமல் தரைக்கு வந்தவர்கள் கண்டிப்பாக நம்பமாட்டார்கள். ஆனாலும் அப்படித்தான். கட்டெறும்பும் சிற்றெறும்பும் எப்படி மண்ணைத் தோண்டி வளை போட்டுக் குடியிருந்தனவோ அப்படியேதான் முசுறும் குடியிருந்தது. எறும்பு பேசினால் சிலந்திக்குப் புரியும், சிலந்தி பேசினால் எறும்புக்குப் புரியும், புரிந்தாலும் ஒன்றையொன்று நம்பாது. அப்படி ஒரு காலம்.

பொருநை ஆற்றங்கரையில் ஒரு பழைய மாமரம். அதன் வேரடியில் முசுறுகளின் ஊர். ஊர் முழுக்கப் பெண்பிள்ளைகள்தான். ராணியம்மை ஒருத்தி முட்டையிடுவாள். மற்ற அத்தனை பேரும் அவள் மகள்கள். ஆகவே அங்கே எல்லாரும் எல்லாருக்கும் அக்கா தங்கச்சிதான். சண்டைக்கும் குறைவில்லை, சண்டை போட்டவளே அடுத்த நிமிஷம் தன் வாயிலிருப்பதை எடுத்து ஊட்டிவிடுவதற்கும் குறைவில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முசுறுப் பிள்ளை பிறக்கும்போது காலும் இருக்காது, கண்ணும் இருக்காது. வெள்ளை வெளேரென்று வாயும் வயிறுமாக மட்டும் கிடக்கும். ஊட்டினால் தின்னும். தின்று கொழுத்த பிறகு ஒரு நாள் அதன் வாயில் நூல் ஊறும். அந்த நூலைத் தன்மேலேயே சுற்றிச் சுற்றி இழுத்து, பிள்ளை தனக்கு ஒரு போர்வை நெய்துகொள்ளும். அதற்குள் பத்து நாள் தூங்கும். பிறகு ஆறு காலும் இரண்டு கொம்புமாகக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். போர்த்தும் நாளில் ஊரே வேலையை நிறுத்திவிட்டு வந்து கூடும். ஒவ்வொருத்தியும் போர்வையைக் கொம்பால் தொட்டு, “நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாட்டி” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

எப்போதாவது ஒரு பிள்ளைக்குப் போர்வை பாதியில் அறுந்துபோகும். அப்படி அறுந்த பிள்ளை ஒன்றுகூட விழித்ததில்லை. அதனால் போர்வையில்லாமல் தூங்கும் பிள்ளை எழுந்திருக்காது என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

இந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருத்தி ஒற்றைக்கொம்பி. கட்டெறும்புகளோடு நடந்த ஒரு சண்டையில் அவளுடைய வலக்கொம்பு போய்விட்டது. எறும்புக்குக் கொம்புதான் கண், கொம்புதான் மூக்கு. ஒன்று போய்விட்டால் பாதை பிசகும். அதனால் இரை தேடும் வேலையிலிருந்து அவளை எடுத்துப் பிள்ளையறையில் போட்டார்கள். எதையும் ஒருமுறை தொட்டால் அவளுக்குச் சரியாகப் பிடிபடாது. இடப்பக்கம் ஒருமுறை, தலையைத் திருப்பி வலப்பக்கம் ஒருமுறை என்று எல்லாவற்றையும் இரண்டு தரம் தொட்டுப் பார்ப்பாள். சிறுசுகள் அவளைப் போலவே தலையைத் திருப்பித் திருப்பி நடந்து கேலி செய்யும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், அது அவள் குணம்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள், நல்ல வெயிலடித்துக்கொண்டிருந்த பகலில், மேற்கே மலையில் பெய்த மழைக்கு ஆறு கரையேறிவிட்டது. சத்தமில்லாமல் வந்த தண்ணீர் முதலில் பிள்ளையறைக்குள்தான் நுழைந்தது. தோண்டும் கூட்டத்துக்குத் தலைவி கல்லுடைச்சி, ராணியம்மையைத் தலையால் முட்டி முட்டி மரத்தின்மேல் ஏற்றினாள். மற்றவர்கள் கண்மண் தெரியாமல் ஓடினார்கள். முந்நூறு பிள்ளைகள் தண்ணீரோடு போயின.

ஒற்றைக்கொம்பியின் வாயில் அகப்பட்டது ஒரே ஒரு முட்டை. அதைக் கவ்விக்கொண்டபோது தண்ணீர் அவளையும் இழுத்துக்கொண்டு போயிற்று. மூழ்கி எழுந்து, மிதந்து வந்த காய்ந்த மாவிலை ஒன்றைக் காலால் பற்றி ஏறினாள். காய்ந்த இலை சுருண்டு, இரு ஓரமும் தலைக்குமேல் கிட்டத்தட்டக் கூடியிருந்தது. மழையும் தொடங்கிவிட்டது. வெளியே அத்தனை தண்ணீர், மேலே அத்தனை மழை, இலைக்குள் மட்டும் ஒரு சொட்டு இல்லை. இரண்டு நாள் அப்படியே மிதந்தாள். இரண்டாம் நாள் அந்த இலைக்குள்ளேயே முட்டை பொரிந்து பிள்ளை வெளியே வந்தது. ஒரு குறுநொய் அளவுதான் இருந்தது. அவள் அதை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, “அரிசி” என்று கூப்பிட்டாள்.

மண்ணைத் தொடாமல் பிறந்த முதல் முசுறு அதுதான்.

தண்ணீர் வடிந்து இலை கரை தட்டியபோது, அரிசியை வாயில் வைத்துக்கொண்டு ஒற்றைக்கொம்பி மூன்று நாள் நடந்து ஊருக்கு வந்து சேர்ந்தாள். போன பிள்ளைகளில் ஒன்றாவது திரும்பி வந்ததே என்று எல்லாரும் வந்து அரிசியைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள். ராணியம்மை அதற்குள் மறுபடியும் முட்டையிட ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு அழ நேரமில்லை.

“கார்த்திகையில இன்னொரு வெள்ளம் வரும். இதவிடப் பெருசா வரும்” என்றாள் ராணியம்மை. “அதுக்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

கல்லுடைச்சி முன்னால் வந்தாள். அந்த ஊரில் அவள் தாடையைப் போல் பெரிய தாடை யாருக்கும் கிடையாது. “இன்னும் ஏழு மடங்கு ஆழமாத் தோண்டுதேன் அம்மா. தண்ணி எட்டாத ஆழத்துக்குப் போயிருவோம்.”

“யக்கா, கீழ போக வேண்டாம். மேல போவோம்” என்றாள் ஒற்றைக்கொம்பி.

“மேலன்னா எங்கனட்டி?”

“மரத்துல. எலைய வச்சு வீடு கட்டுவோம்.”

கல்லுடைச்சி சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. புத்தி பிசகியவளிடம் பேசுவது போல் மெதுவாகக் கேட்டாள். “எறும்பு வீடு எதுல கட்டும்?”

“மண்ணுல.”

“எலையில கட்டுனா, காத்தடிச்சா என்ன ஆவும்?”

“ஆடும்.”

“ஆடுத வீட்டுல பிள்ளைய எப்பிடிட்டி தூங்க வைப்ப?”

“ஆட்டுனாத்தானக்கா பிள்ளை தூங்கும்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கல்லுடைச்சிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “நம்ம சாதிசனத்துல எவளாவது இத்தன நாளும் காத்துல வீடு கட்டியிருக்காளா? முடியும்னா முன்னமே எவளாவது கட்டியிருக்க மாட்டாளா? முடியாததுட்டி இது. இவ பேச்சக் கேட்டா, மிச்சமிருக்குத ஒத்தப் பிள்ளையும் போயிரும்.”

ராணியம்மை இருவரையும் பார்த்தாள். “நீ தோண்டு. அவ கட்டட்டும். எது முந்துதோ அதுல நான் குடிவாரேன்.”

மறுநாள் காலையில் ஒற்றைக்கொம்பி அரிசியைத் தூக்கிக்கொண்டு மரமேறினாள். பச்சையிலை காய்ந்த இலையைப் போலச் சுருண்டு கொடுக்காது என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. இலையும் இலையும் அடுத்தடுத்துத்தான் இருந்தன. ஆனால் இடையில் மூன்று எறும்பு நீளத்துக்கு வெறும் காற்று. ஓர் இலையில் பின்னங்கால்களை ஊன்றி, மற்றதை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை. பார்த்துவிட்டுச் சிரிக்க வந்த சிறுசுகளில் ஒருத்தி, அக்கா விழுந்துவிடப் போகிறாளே என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் ஒற்றைக்கொம்பி ஒரு எறும்பு நீளம் முன்னால் போனாள். அவள் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

“ஏட்டி, ஒன் இடுப்ப எவளையாவது பிடிக்கச் சொல்லு.”

அப்படித்தான் முசுறுச் சங்கிலி பிறந்தது. ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடிக்க, அவள் இடுப்பை அடுத்தவள் பிடிக்க, நாலு பேர் நீண்டு எதிர் இலையின் ஓரத்தைக் கவ்விவிட்டார்கள். பிறகு கடைசியில் நிற்பவள் பின்னால் நகர, ஒவ்வொருத்தியாகப் பின்வாங்க, இலை மெல்ல மெல்ல வந்தது. நாலு பேர் நாற்பது பேரானார்கள். இரண்டு இலையும் ஓரத்தோடு ஓரம் வந்து சேர்ந்தன. உள்ளே இருட்டாக, கதகதப்பாக, அந்தச் சுருண்ட இலைக்குள் இருந்தது போலவே இருந்தது. ஒற்றைக்கொம்பிக்கு அழுகை வந்தது.

“சரி, இப்ப விடுங்கட்டி” என்றாள்.

விட்டார்கள். இலை படாரென்று தன் பழைய இடத்துக்கே போய்விட்டது. ஓரத்தில் இருந்த ஒருத்தி தெறித்துக் கீழே விழுந்தாள். விழுந்தவள் எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டு, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

இழுக்கத் தெரிந்துவிட்டது, இழுத்த இடத்தில் நிறுத்தி வைக்கத் தெரியவில்லை. இதுதான் அவர்களுடைய பாடாயிற்று. வேலமரத்திலிருந்து பிசின் கொண்டுவந்து ஓரத்தில் ஒட்டினார்கள். நன்றாகத்தான் ஒட்டியது. ஒரு தூறல் விழுந்ததும் கரைந்து வழிந்தது. ஒற்றைக்கொம்பி சிலந்தியிடம் போய், எட்ட நின்று, கொஞ்சம் நூல் தரமுடியுமா என்று கேட்டாள். “கிட்ட வந்து எடுத்துக்கோ” என்றது சிலந்தி. “ஆனா ஒண்ணு. என் நூல்ல நீ ஒட்டுனா ஒனக்கு வீடு கெடைக்காது. எனக்குச் சாப்பாடு கெடைக்கும்.” உள்ளதைச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு ஒற்றைக்கொம்பி திரும்பி வந்தாள்.

ஊரில் நூல் இல்லாமலில்லை. ஆனால் பிள்ளையின் வாயில் ஊறுவதை நூல் என்று எந்த முசுறும் நினைத்ததே கிடையாது. அது போர்வை. தூங்குகிற பிள்ளையின் உயிர். அதை வேறு எதற்காவது எடுக்கலாம் என்ற நினைப்பு ஒருத்திக்கும் வரவில்லை, ஒற்றைக்கொம்பிக்கும் வரவில்லை.

கேலி நாளுக்கு நாள் கூடியது. சங்கிலிக்கு வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஒற்றைக்கொம்பியும் அரிசியும் மட்டும் கிளையில் இருந்தார்கள். அரிசி இப்போது நன்றாகத் தின்று உருண்டிருந்தது.

“யக்கா, எல்லாரும் ஏன் போயிட்டாவ?”

“அவங்களுக்கு வேலை இருக்கு தங்கம்.”

“நமக்கு?”

“நமக்கும் இருக்கு. என்ன வேலைன்னுதான் தெரியல.”

இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கிளையில் கனமான காலடி கேட்டது. கல்லுடைச்சி வந்துகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் ஈரச்சேறு. அவள் மரமேறி யாரும் பார்த்ததில்லை. ஒவ்வோர் அடியையும் பயந்து பயந்து வைத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கீழே பார்க்காமல், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

“தண்ணி ஊறுதுட்டி” என்றாள். “மூணு மடங்கு ஆழந்தான் போயிருக்கு. கீழ இருந்து ஊறுது. எங்கன தோண்டுனாலும் ஊறுது. நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லல.”

ஒற்றைக்கொம்பி அவள் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை.

“எந்த எலைய இழுக்கணும்னு காட்டு” என்றாள் கல்லுடைச்சி.

கார்த்திகை பிறந்தது. இரண்டாம் நாள் காலையில் மேற்கே வானம் கறுத்தது. ராணியம்மையையும், புதிதாகப் பிறந்திருந்த சின்னஞ்சிறு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஊர் மொத்தமும் மரமேறியது. வேறு போக்கிடம் இல்லை. கேலி செய்தவர்களும் ஏறினார்கள். இரண்டு அகலமான இலைகளைத் தேர்ந்து, ஓரம் நெடுகச் சங்கிலி போட்டு இழுத்துச் சேர்த்தார்கள். ராணியம்மையும் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். மற்றவர்கள் வெளியே, ஓர் இலையில் காலை ஊன்றி, மறு இலையை வாயால் கவ்வி வரிசையாக நின்றார்கள். நடுவில் கல்லுடைச்சி.

“மழை நிக்குத வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நிப்போம்” என்றாள் கல்லுடைச்சி. இனி வேறு யோசனை யாருக்கும் இல்லை.

மழை நிற்கவில்லை. ஆறு வேரடியை மூடி, அடிமரத்தில் ஏறி, முதல் கிளையைத் தொட்டது. முதல் நாள் போயிற்று. காற்று வந்தபோதெல்லாம் இலைகள் தங்கள் பழைய இடத்துக்குப் போகத் துடித்தன. முசுறுகள் விடவில்லை. இரண்டாம் நாள் காலையில் ஒருத்தியின் தாடை தளர்ந்தது. அவள் கீழே விழுந்தாள். தண்ணீர் அவளைக் கொண்டுபோயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. ஓரம் அங்கங்கே வாய் பிளந்தது. உள்ளே பிள்ளைகள்மேல் மழை தெறித்தது. எத்தனை பேர் இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்று ஒற்றைக்கொம்பி எண்ணிப் பார்த்தாள். மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காது.

அந்த நேரம் பார்த்து அரிசி சொன்னது. “யக்கா, எனக்கு வாய் ஊறுது.”

போர்த்தும் நாள் வந்துவிட்டது. நாள் பார்த்து வந்தது என்று ஒற்றைக்கொம்பி நொந்துகொண்டாள். ஆனால் பிள்ளை என்ன செய்யும்? அதற்குக் காலம் வந்தால் வந்ததுதான். போர்வை தொடங்க ஒரு மூலை வேண்டும், முதல் நூலை ஒட்டிக்கொள்ள ஒரு சுவர் வேண்டும். உள்ளே நனையாத மூலை ஒன்றைத் தேடி, அரிசியை வாயில் கவ்விக்கொண்டு இலையோரமாக நடந்தாள். இடப்பக்கம் எங்கும் ஈரம். வலப்பக்கம் அவளுக்குக் கொம்பு இல்லை. அங்கே இலை முடிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியவில்லை. இதுதான் சுவர் என்று நினைத்து அரிசியின் வாயை வைத்தாள். அது இலையின் ஓரம். நூல் ஒட்டிக்கொண்டது. சரியாக வைத்தோமா என்று, தன் வழக்கப்படி, தலையைத் திருப்பி இன்னொரு தரம் தொட்டாள். இரண்டாவது தரம் அரிசியின் வாய் பட்டது எதிர் இலையின் ஓரத்தில்.

அப்போது ஒரு பெருங்காற்று வந்தது. அந்த இடத்தில் கவ்விக்கொண்டிருந்தவளின் பிடி விட்டுப்போயிற்று. ஒற்றைக்கொம்பி கண்ணை மூடிக்கொண்டாள். இலை படாரென்று போகும் என்று காத்திருந்தாள். போகவில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும், மயிரிழை அளவு நூல் ஒன்று இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவள் செய்த முதல் காரியம், அரிசியை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டதுதான்.

இத்தனை நாள் தேடியது கையில் இருந்தது. அதற்கு விலை என்ன என்பதும் வாயில் இருந்தது. தன் வீடு நின்றுவிடும், தன் பேச்சு மெய்யாகிவிடும், அரிசி மட்டும் எழுந்திருக்காது. அப்படி ஒரு வீடு தனக்கு வேண்டவே வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் உள்ளே மற்றப் பிள்ளைகள் நனைந்துகொண்டு கிடந்தன. அவையும் அவளுடைய பிள்ளையறைப் பிள்ளைகள்தானே.

“ஏன்க்கா நிறுத்திட்ட?” என்று அரிசி கேட்டது.

“தெரியாம வேற எடத்துல வச்சிட்டேன். வா, ஒனக்கு நல்ல மூலையாப் பாப்போம்.”

“அந்த எடத்துலயே பிடிச்சுக்கிட்டுதே. நான் ஒட்டுனது பிடிச்சுக்கிட்டுதேன்னு நீ சந்தோசப்பட்டியே. ஒன் நெஞ்சு அடிச்சது எனக்குக் கேட்டுச்சு.”

ஒற்றைக்கொம்பி அரிசியை இன்னும் இறுக்கிக் கவ்விக்கொண்டாள்.

“யக்கா, போர்வை என்னத்துக்கு?”

“குளிராம இருக்க. நனையாம இருக்க.”

“அன்னைக்கு எலைக்குள்ள நான் பொறந்தப்போ குளிருச்சா?”

“இல்ல தங்கம். குளிரல.”

“அப்பொ இந்த எலையப் போர்த்துக்கிடுதேன். எல்லாரும் சேந்து போர்த்துக்கிடுவோம்.”

“போர்வை இல்லாமத் தூங்குன பிள்ளை ஒண்ணுகூட முழிச்சதில்லட்டி.” “நீ முழிக்காமப் போயிட்டா நான் என்ன செய்வேன்?”

அரிசி கொஞ்சம் யோசித்தது. கண்ணில்லாத, காலில்லாத பிள்ளை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. “நீ பக்கத்துலயே இருப்பியா?”

“இருப்பேன்.”

“அப்பொ முழிப்பேன்.”

சொல்லிவிட்டு அரிசி, பிடித்திருந்த தாடைக்குள்ளிருந்து எட்டி, தானாகவே இலையோரத்தைத் தொட்டது. ஒற்றைக்கொம்பி தடுக்கவில்லை. தடுக்காததற்காகப் பிறகு பன்னிரண்டு நாள் அவள் தன்னைத்தானே சபித்துக்கொண்டாள். ஆனாலும் அந்த நேரத்தில் தடுக்கவில்லை. அழுதுகொண்டே தலையைத் திருப்பினாள். அந்த ஓரத்தில் ஒரு தொடல், இந்த ஓரத்தில் ஒரு தொடல். நூல் போயிற்று, வந்தது. ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, இரண்டு இலைக்கும் நடுவே வெள்ளைத் துணி போல ஒரு தையல் ஓடியது. கவ்வி நிற்கும் ஒருத்தியைத் தாண்டும்போது, “விடுக்கா, பிடிச்சுக்கிட்டுது” என்று அரிசி மெதுவாகச் சொல்லும். அவள் நம்பாமல் விடுவாள். இலை அங்கேயே நிற்கும்.

கடைசிக்கு வந்தபோது அரிசி பாதியாக இளைத்திருந்தது. “தீந்துட்டுதுக்கா” என்றது. “தூக்கம் வருது.”

மழை பெய்துகொண்டேயிருந்தது. இலைக்குள் ஒரு சொட்டு விழவில்லை. எல்லாரும் விட்டுவிட்டார்கள், கல்லுடைச்சி ஒருத்தியைத் தவிர. “யக்கா, விடுங்க, போதும்” என்று எத்தனை பேர் சொல்லியும் அவள் விடவில்லை. ஒன்றரை நாள் கவ்வியதில் தாடை பூட்டிக்கொண்டுவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நாலு பேர் உட்கார்ந்து தடவித் தடவிவிட்டுத் திறந்தார்கள். திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அந்தப் பிள்ளை எங்க?”

அரிசி நடுவில் கிடந்தது. வெறும் உடம்பாக. முசுறு இனத்தில் ஒரு பிள்ளை அப்படித் திறந்த உடம்போடு தூங்கி யாரும் பார்த்ததில்லை. தொட்டு வாழ்த்துவதற்குப் போர்வை இல்லை. எங்கே தொடுவது என்று தெரியாமல் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ராணியம்மை சொன்னாள். “இவ முழிக்குத வரைக்கும் வேற எந்தப் பிள்ளையோட நூலையும் தொடக்கூடாது. ஒருத்தி குடுத்தது போதும்.”

ஆகவே வெள்ளம் முழுவதையும் அந்த ஒரே தையல்தான் தாங்கியது. கீழே ஆறு மரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. மேலே ஒரு பிள்ளையின் போர்வைக்குள் ஓர் ஊரே இருந்தது.

ஒற்றைக்கொம்பி சொன்ன வாக்கை மாற்றவில்லை. அரிசியின்மேல் கவிழ்ந்து, ஆறு காலையும் சுற்றி ஊன்றி, வயிற்றால் மூடிக்கொண்டு கிடந்தாள். தானாகத் தின்னவில்லை. யாராவது ஊட்டினால் வாங்கிக்கொண்டாள். ஐந்தாம் நாள் கல்லுடைச்சி வந்து பக்கத்தில் நின்றாள். “எந்திரி. கொஞ்ச நேரம் கண்ண மூடு. நான் படுத்துக்கிடுதேன்” என்றாள்.

“பக்கத்துல இருப்பேன்னு சொல்லியிருக்கேன்க்கா.”

“பக்கத்துலதான இருக்கப்போற. நகர்ந்து படு.”

நகர்ந்து படுத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கேலி செய்தவர்கள், தலையைத் திருப்பித் திருப்பி நடந்துகாட்டிய சிறுசுகள், சங்கிலியிலிருந்து கழன்றுபோனவர்கள். முறை வைத்து அரிசியைப் போர்த்தினார்கள். ஒருத்தி எழுந்தால் அடுத்தவள் படுத்தாள். அரிசியின்மேல் காற்று படவேயில்லை.

பத்தாம் நாள் போயிற்று. வழக்கமாக விழிக்கிற நாள் அதுதான். அரிசி அசையவில்லை. பதினோராம் நாளும் அசையவில்லை. ஒற்றைக்கொம்பி அதன் தலையோரம் வாயை வைத்து, “நான் இங்கனதான் இருக்கேன். நீ முழிப்பேன்னு சொன்ன. சொன்னேல்லா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன வீட்டைக் கட்டியே தீரவேண்டுமென்று ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று அவள் மனசு அவளைக் குத்திக்கொண்டேயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் மழை வெறித்தது. பச்சையிலை வழியே வெயில் உள்ளே இறங்கியது. ஒற்றைக்கொம்பியின் வயிற்றை ஏதோ தட்டியது. அவள் நகர்ந்து பார்த்தாள். ஒரு கால். மெல்லிய, சிவந்த, புத்தம்புதுக் கால். அது நீண்டு, மடங்கி, மறுபடியும் அவளைத் தட்டியது. பிறகு இன்னொன்று. ஆறும் வந்தன. இரண்டு கொம்பும் வந்தன. கிழிப்பதற்குப் போர்வை இல்லாததால் அரிசி சுலபமாக எழுந்து நின்றது. நின்று, முதல் முதலாகக் கண் திறந்து, தன்மேல் கவிழ்ந்திருந்த முகத்தைப் பார்த்தது.

“நீதானா அது?” என்று கேட்டது. “ஒனக்கு ஒரு கொம்பு இல்லையே.”

“இல்ல” என்றாள் ஒற்றைக்கொம்பி. தலையைத் திருப்பித் திருப்பி அரிசியை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தாள்.

மண்ணுக்குள் ஈரம் இருந்தது, குளிர் இருந்தது. அங்கே போர்வையில்லாத பிள்ளையால் பிழைக்க முடியவில்லை. இலைக்குள் ஈரமும் இல்லை, குளிரும் இல்லை, ஒருத்தி மாற்றி ஒருத்தி மேலே படுத்திருந்தாள். விஷயம் அவ்வளவுதான். முடியாது முடியாது என்று அத்தனை காலமும் சொல்லிவந்தது, மண்ணைவிட்டு வெளியே வந்து யாரும் பார்க்காததால்தான்.

கல்லுடைச்சி இலையைவிட்டு வெளியே போய், தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொம்பால் தடவிப் பார்த்தாள். போர்த்தும் நாளில் சொல்லவேண்டியதை யாரும் அரிசிக்குச் சொல்லவில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தையலைத் தொட்டுக்கொண்டே, “நல்லாத் தூங்கி எந்திரிச்சிட்டியேட்டி” என்றாள்.

அதன்பிறகு மற்றப் பிள்ளைகளும் நூல் ஊறிய நாளில் தாமாகவே இலையோரம் கேட்டன. இரண்டு இலை ஐந்தானது, ஐந்து ஐம்பதானது. முசுறு மண்ணுக்குத் திரும்பவேயில்லை.

இன்றைக்கும் முசுறுக் கூட்டைக் கவனித்துப் பாருங்கள். ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்து இலையை இழுப்பார்கள். இன்னொருத்தி வெள்ளைப் பிள்ளை ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, அந்த ஓரத்தில் ஒரு தரம், இந்த ஓரத்தில் ஒரு தரம், இரண்டு தரம் தொட்டுத் தைப்பாள். கொம்பு இரண்டும் நன்றாக இருக்கிறவள்கூட அப்படித்தான் தொடுவாள். கூட்டில் கைபட்டால் மட்டும் இந்த முசுறுக்கு ஏன் இத்தனை ஆங்காரம் என்று திட்டிக்கொண்டே சட்டையை உதறுகிறோம். தூங்குகிற பிள்ளையின் போர்வையைப் பிடித்து இழுத்தால் வீட்டிலிருக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அரிசி தன் நூலைக் கொடுத்த அந்தக் கார்த்திகை மழை தொட்டுத்தான், எந்த முசுறுப் பிள்ளைக்கும் தனிப் போர்வை கிடையாது. ஊர் முழுவதற்கும் ஒரே போர்வை.